மரம் வாங்கப் போறியா? முதல்ல கணக்கைப் போடு, தங்கச்சி!

நிலை வைக்க நாள் குறிச்சதுமே எல்லாரும் மரவாடிக்கு வந்து கேக்குற முதல் கேள்வி, "தேக்கு கன அடி என்ன விலை?" மரவாடியில பில் போடுறவ நான். அந்தக் கேள்வி ரெண்டாவதா வரணும்னுதான் சொல்லுவேன். "எனக்கு எத்தனை கன அடி வேணும்?" இதுக்குப் பதில் கையில இருந்தாத்தான் விலையைப் பேசுறதுல அர்த்தம் இருக்கு.

கன அடிக்கு அம்பது ரூபா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டுறவங்க, அளவுச் சீட்டைக் கையில கொடுத்தா படிக்காம மடிச்சுப் பையில வெச்சுக்குவாங்க. காசு போறதும் மிஞ்சுறதும் அந்தச் சீட்டுலதான். ஆசாரி சொல்ற அளவை வாங்குறது தப்பில்ல. அவர் எப்படி அந்தக் கணக்குக்கு வந்தார்னு உனக்கும் தெரியணும், அவ்வளவுதான். பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும், மீதியை அக்கா சொல்றேன்.

1. இந்த ஒரு கணக்கை மனசுல வை

அறுத்த மரத்துக்கு ஊரெல்லாம் ஒரே கணக்குதான். கனத்தையும் அகலத்தையும் அங்குலத்துல எடு. நீளத்தை அடியில எடு. மூணையும் பெருக்கி 144-ஆல வகு. வர்றது கன அடி.

5 அங்குலம் அகலம், 3 அங்குலம் கனம், 7 அடி நீளத்துல ஒரு நிலைக்கால்னு வை. 5 × 3 × 7 = 105. அதை 144-ஆல வகுத்தா 0.73 கன அடி. ஒரு சதுர அடியில 144 சதுர அங்குலம் இருக்கு, அதனாலதான் 144. நீளத்தையும் அங்குலத்துலயே எடுத்தா 1728-ஆல வகுக்கணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே, நீளம் எப்பவும் அடியிலயே இருக்கட்டும்.

2. ஏழரை அடி 7.5, ஏழடி ஆறங்குலம் 7.6 இல்ல!

கால்குலேட்டர்ல அதிகமா நடக்குற தப்பு இதுதான். 3 அடி 9 அங்குலத்தை 3.9-ன்னு தட்டிடுவாங்க. சரியான எண் 3.75. ஓர் அடிக்கு 12 அங்குலம், பத்து இல்ல. இதை செல்போன்ல குறிச்சு வெச்சுக்கோ:

- 3 அங்குலம் = 0.25 அடி
- 4 அங்குலம் = 0.33 அடி
- 6 அங்குலம் = 0.5 அடி
- 8 அங்குலம் = 0.67 அடி
- 9 அங்குலம் = 0.75 அடி

அதே மாதிரி ஆசாரிங்க பேசுற நூல் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். "ரெண்டு அங்குலம் நாலு நூல்"னு சொன்னா 2.5, 2.4 இல்ல. ரெண்டு நூல்னா கால் அங்குலம், ஆறு நூல்னா முக்கால் அங்குலம்.

3. வகுக்காமலே சொல்ல ஒரு குறுக்கு வழி

கடையில நிக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட நேரம் இருக்காது. ஒரு கன அடிக்கு எத்தனை அடி நீளம் கிடைக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கோ:

- 6 × 3 அங்குலம்: 8 அடி
- 5 × 3 அங்குலம்: 9.6 அடி
- 4 × 3 அங்குலம்: 12 அடி
- 4 × 2½ அங்குலம்: 14.4 அடி
- 3 × 2 அங்குலம்: 24 அடி
- 2 × 1 அங்குலம்: 72 அடி

உனக்கு 4 × 3 சட்டம் 60 அடி வேணுமா? 60-ஐ 12-ஆல வகு, 5 கன அடி. முடிஞ்சது. பட்டியல்ல இல்லாத அளவா? கனத்தையும் அகலத்தையும் பெருக்கி, அந்த எண்ணால 144-ஐ வகுத்துக்கோ.

4. வாசல் நிலைக்கு எவ்வளவு மரம்?

உதாரணத்துக்கு 7 × 3½ அடி தலைவாசல் நிலையை எடுத்துக்குவோம். முதல்ல ஆசாரிகிட்ட ஒரு விஷயத்தைத் தெளிவா கேளு: இந்த ஏழடி, மூன்றரை அடி வெளி அளவா, இல்ல ஆள் நுழையுற உள் அளவா? நிலைக்கட்டை 3 அங்குலம்னா ரெண்டு பக்கமும் சேர்ந்து 6 அங்குலம். வெளி அளவுன்னு நினைச்சுச் செய்யறவர் ஒருத்தர், உள் அளவுன்னு நினைச்சுச் சுவரைக் கட்டறவர் இன்னொருத்தர்னா நிலை வைக்கிற அன்னைக்குக் கொத்தனாரும் ஆசாரியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிப்பாங்க.

வெளி அளவுன்னே வை. 5 × 3 சட்டத்துல ரெண்டு கால் ஏழேழு அடி, மேல்சட்டம் 3½, கீழ்ப்படி 3½. மொத்தம் 21 அடி. 21 × 15 ÷ 144 = 2.19 கன அடி.

காகிதத்துல வர்ற கணக்கு இது. மரம் வெட்டி வர்ற கணக்கு வேற. சட்டத்தோட ரெண்டு முனையும் நேரா இருக்காது, நுனியில சின்ன வெடிப்பு இருக்கும், அதை அறுத்துத் தள்ளணும். அதனால கால்கள் ஏழரை அடி, குறுக்குச் சட்டங்கள் நாலடின்னு எடுக்கணும். இப்போ 7.5 + 7.5 + 4 + 4 = 23 அடி. 23 × 15 ÷ 144 = 2.40 கன அடி. கன அடி 3,000 ரூபாய்னு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா, வித்தியாசம் 625 ரூபா. இதை முன்கூட்டியே எழுதிட்டா பட்ஜெட் இடிக்காது. எழுதலைன்னா மரம் பத்தலைன்னு மறுபடி வண்டி வாடகை கொடுத்து ஓடணும், ரெண்டாவது தடவை வாங்குற மரம் நிறத்துல ஒத்துப்போகுமான்னும் சொல்ல முடியாது.

மேல்சட்டத்தை ரெண்டு பக்கமும் சுவருக்குள்ள நீட்டி வைக்கச் சொல்றவங்க அந்த நீளத்தையும் சேர்த்துக்கோங்க. வாசல்ல மரப்படிக்குப் பதிலா கிரானைட் போடுறதா இருந்தா கீழ்ச்சட்டத்தைக் கழிச்சுடுங்க. உள் அறை நிலைக்குப் பெரும்பாலும் படி கிடையாது. 4 × 2½ சட்டத்துல 7 + 7 + 3 = 17 அடின்னு எடுத்தா 1.18 கன அடி வரும். முனை வெட்டுக்கு இதுலயும் கூட்டிக்கோ.

5. இழைச்ச அளவா, அறுத்த அளவா?

பில்லுல வர்றது அறுத்த அளவு. வீட்டுல நிக்கிறது இழைச்ச அளவு. மில்லுல அறுத்து வந்த சட்டத்துல வாள் தடம் இருக்கும். அதைச் சீவி எடுத்தா பக்கத்துக்கு ஒரு நூலாவது போயிடும். 5 × 3-ன்னு வாங்கினது கடைசியில 4¾ × 2¾ ஆகும். அது ஏமாத்து வேலை இல்ல, மரவேலையோட இயல்பு.

நிலை இழைச்ச பிறகும் 5 × 3 இருந்தே ஆகணும்னா, 5¼ × 3¼ வாங்கணும். கால் அங்குலம்தானேன்னு நினைக்காதே. 15 சதுர அங்குலம் 17.06 ஆகுது, அதாவது நூத்துக்குக் கிட்டத்தட்ட 14 பங்கு மரம் கூடுது. அந்தச் செலவு தேவையான்னு யோசி. சுவரோட கனத்துக்குப் பொருந்தினா 4¾ போதும்னு பல ஆசாரிங்களே சொல்லுவாங்க. ரெண்டு ஆசாரிகிட்ட கொட்டேஷன் வாங்குறப்ப, ஒருத்தர் அறுத்த அளவையும் இன்னொருத்தர் இழைச்ச அளவையும் எழுதியிருக்காங்களான்னு பாரு. அப்படி இருந்தா ரெண்டு தொகையையும் ஒப்பிடவே முடியாது.

6. கதவுல ஒளிஞ்சிருக்கிற அங்குலங்கள்

கண்ணுக்குத் தெரியுற அளவை மட்டும் டேப் வெச்சு எடுத்தா கதவுக்கு மரம் பத்தாது. சட்டத்துக்குள்ள சொருகுற பகுதியும், காடிக்குள்ள உட்கார்ற பலகை ஓரமும் வெளியே தெரியாது. ஆனா அதுக்கும் மரம் வேணும்.

மேல சொன்ன நிலைக்கே கதவு போடுவோம். நிலையோட வெளி அகலம் 42 அங்குலம். ரெண்டு காலுக்கும் 6 கழிச்சா 36. கதவு போய் உட்கார நிலையில ரெண்டு பக்கமும் அரை அங்குலம் காடி எடுக்கிறாங்கன்னா கதவு அகலம் 37. உயரம் 84-ல மேல 3, கீழ 3 கழிச்சு, மேல்காடிக்கு அரை கூட்டினா 78½ அங்குலம். திறந்து மூட விடுற இடைவெளியை ஆசாரி கடைசியில சீவிக்குவார்.

இனி துண்டு துண்டா எழுது. நெட்டுச் சட்டம் ரெண்டு, 4 × 1½ அங்குலம், 7 அடி: 2 × 4 × 1.5 × 7 = 84. குறுக்குச் சட்டம் மூணு, மேல 4, நடுவுல 6, கீழ 6 அங்குல அகலம். அகலம் மொத்தம் 16. சொருகுற பகுதி நெட்டுச் சட்டத்தைத் துளைச்சு மறுபக்கம் வரைக்கும் வரும்னா ஒவ்வொண்ணும் கதவோட முழு அகலம் இருக்கணும். முனை வெட்டோட 3¼ அடின்னு எடு. 16 × 1.5 × 3.25 = 78. சட்டங்கள் மட்டும் 162 ÷ 144 = 1.125 கன அடி.

பேனல் பலகை ஓர் அங்குல கனம். தெரியுற அகலம் 37-ல 8 போக 29. காடிக்குள்ள ரெண்டு பக்கமும் அரையரை போனா 30. உயரம் 78½-ல குறுக்குச் சட்டம் 16 போக 62½. மேல் பேனல், கீழ் பேனல்னு ரெண்டு, நாலு ஓரத்துக்கும் அரையரை கூட்டினா 64½ அங்குலம், அதாவது அஞ்சே காலடிக்குக் கொஞ்சம் மேல. வெட்டுக்குச் சேர்த்து 6 அடின்னு எடு. 30 × 1 × 6 ÷ 144 = 1.25 கன அடி. கதவு மொத்தம் 2.375 கன அடி.

நகைக்கடையில சேதாரம் போடுற மாதிரி இங்கயும் ஒரு சேதாரம் உண்டு. கணு, வெடிப்பு, ஓரத்து வெளிறின வெள்ளை, பலகையை ஒட்டும்போது ஓரம் சீவுறது எல்லாம் அதுல அடங்கும். நீளத்துல ஏற்கெனவே கூட்டிட்டதால கதவுக்கு 10 சதவீதம் சேர்த்தா போதும், 2.6 கன அடி. நீளத்துல எதுவும் கூட்டாம வெறும் அளவை வெச்சிருக்கிறவங்க 15-லிருந்து 20 சதவீதம் சேர்க்கணும். ரெண்டு இடத்துலயும் சேர்த்து, அதுக்கு மேல ஆசாரியும் தன் பங்குக்கு ஒரு சதவீதம் சேர்த்தார்னா, மிஞ்சின மரம் மொட்டை மாடியில கிடந்து கரையான் திங்கும்.

7. பட்டியலைப் பிரிச்சு எழுது

எல்லாத்தையும் கூட்டி "மொத்தம் 20 கன அடி"ன்னு கடைக்காரர்கிட்ட சொல்லாதே. நிலைக்கு வேங்கை, கதவுக்குத் தேக்குன்னு மரம் மாறினா விலை மாறும். ஒரே தேக்குலயும் நீளமான, அகலமான துண்டுக்கு ஒரு விலை, கட்டை நீளத்துக்கு ஒரு விலை. ஏழடி நெட்டுச் சட்டத்துக்கு நீள மரம்தான் வேணும். பேனல் பலகைக்கு மூணு, மூன்றரை அடித் துண்டே போதும். அதை நீள மரத்தோட விலையில வாங்க என்ன அவசியம்? மரம், கனம், நீளம்னு மூணா பிரிச்சு எழுதினா இது தானா கண்ணுல படும்.

8. சராசரி போட்டா ஒத்துக்காதே

பலகைங்க ஒரே அகலத்துல வராது. அவசரத்துல "சராசரி அகலம் இவ்வளவு, சராசரி நீளம் இவ்வளவு"ன்னு கணக்கு முடிக்கிற பழக்கம் சில இடத்துல உண்டு. அதுல என்ன ஆகும் பாரு. ஒரே கனத்துல ரெண்டு பலகை. ஒண்ணு 12 அங்குலம் அகலம், 4 அடி நீளம். இன்னொண்ணு 6 அங்குலம், 8 அடி. தனித்தனியா பெருக்கினா 48 + 48 = 96. சராசரி போட்டா 9 அங்குலம், 6 அடி, ரெண்டு பலகை: 108. இல்லாத மரத்துக்கு எட்டுல ஒரு பங்கு கூடுதலா காசு கொடுக்கிறே. அகலமான பலகையே நீளமாவும் இருந்தா இதே சராசரியில கடைக்காரருக்கு நஷ்டம். யாருக்கும் நஷ்டம் வேண்டாம்னா ஒவ்வொரு துண்டும் தனி வரியில எழுதப்படணும்.

9. உன் டேப், உன் கண்ணு

- அளக்கும்போது பக்கத்துல நில்லு. ஒருத்தர் அளவு சொல்ல, நீயும் உன் நோட்டுல எழுது. கடைசியில ரெண்டு கணக்கையும் ஒத்துப் பாரு.
- ஒரு முனை அகலமாவும் மறுமுனை குறுகலாவும் இருந்தா அகலத்தை நடுவுல எடுக்கச் சொல்லு.
- நுனியில வெடிப்பு இருந்தா, வெடிப்பு நிக்கிற இடத்திலிருந்து நீளத்தை அளக்கச் சொல்லிக் கேளு.
- ஓரத்துல வெளிறின வெள்ளை இருக்கா? பூச்சி முதல்ல அங்கதான் ஏறும், ஆசாரி அதை அறுத்துத் தள்ளிடுவார். வெள்ளையோட அளக்கிறதா இருந்தா விலை குறையணும். உள்ள இருக்கிற கெட்டியான வைரத்தை மட்டும் அளந்தா முழு விலை கொடுக்கலாம்.
- டேப்போட நுனிக் கொக்கி லேசா ஆடுதுன்னு ஆணியடிச்சு இறுக்கிடாதே. மாட்டி இழுக்கும்போதும் முட்டி வெச்சு அளக்கும்போதும் கொக்கியோட கனம் கணக்குல வராம இருக்கத்தான் அந்த ஆட்டம்.
- பச்சை மரம் காய்ஞ்சா நீளம் குறையறது பேருக்குத்தான், அகலம் நல்லாவே சுருங்கும். ஈரம் போகாத பலகையில அளவு சரியா இருந்தாலும் ஒரு கோடை போனா பேனல்ல இடைவெளி தெரியும். காய்ஞ்ச மரத்தையே வாங்கு, இல்லைன்னா அகலத்துல தாராளமா எடு.

10. சொந்தத் தோட்டத்து மரமா?

அப்பா வெச்ச வேப்ப மரம், பலா மரம் விழுந்தது, அதையே அறுத்துக்கலாம்னு இருக்கிறவங்களுக்கு உருட்டு மரக் கணக்கு வேணும். பட்டையை நீக்கி, மரத்தோட நட்ட நடுவுல சுற்றளவை அங்குலத்துல எடு. நாலால வகு. வந்ததை அதாலயே பெருக்கு. நீளத்தை அடியில பெருக்கி 144-ஆல வகு. சுற்றளவு 48, நீளம் 10 அடின்னா: 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி.

பள்ளிக்கூடக் கணக்குப்படி பார்த்தா அந்த உருளையோட உண்மைக் கன அளவு 12.73. ரெண்டே முக்கால் கன அடி எங்க போச்சுன்னு சண்டைக்குப் போகாதே. 1736-ல லண்டன்ல எட்வர்டு ஹாப்பஸ் வெளியிட்ட அளவைப் புத்தகத்தால அவர் பேரே ஒட்டிக்கிட்ட முறை இது. வட்டத்தைச் சதுரமாக்கும்போது கழியுற சிராயை முன்னாடியே தள்ளிட்டுச் சொல்ற கணக்கு. வெள்ளைக்காரன் காலத்துல வந்து இங்கயும் நிலைச்சிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, சுற்றளவுல சின்னத் தப்பும் பெருசாகும். பட்டையோட சேர்த்து 50 அங்குலம்னு எடுத்தா 10 கன அடி 10.85 ஆயிடும். விக்கிறவங்களும் வாங்குறவங்களும் டேப்பை இறுக்கிப் பிடிச்சுத்தான் ஆகணும். ரெண்டாவது, 10 கன அடி உருட்டு மரத்துல 10 கன அடி பலகை வராது. வாள் ஒவ்வொரு அறுப்புலயும் கொஞ்சத்தைத் தூளாக்கிடும், வளைவும் கணுவும் தனி. அதனால "உருட்டு மரம் மலிவு"ன்னு சொல்ற விலையை அறுத்த மரத்தோட விலைகூட நேரா ஒப்பிடாதே. வண்டிக்கூலி, அறுப்புக்கூலி சேர்த்து, கடைசியில கைக்கு வந்த பலகையோட கன அடியால வகுத்துப் பாரு. தேக்கு மாதிரி மரங்களை வெட்டவும் ஏத்திக்கிட்டுப் போகவும் வனத்துறை அனுமதி வேணுமான்னு முதல்ல கேட்டுக்கோ.

11. பிளைவுட்டுக்குப் பரப்பளவு போதாது

8 × 4 அடி ஷீட்டு 32 சதுர அடி. உனக்கு வேண்டியதைக் கூட்டி 32-ஆல வகுத்தா ஷீட்டு எண்ணிக்கை வந்துடும்னு நினைக்காதே. 7 அடி உயரம், 2 அடி அகலத்துல அலமாரிப் பக்கப் பலகை நாலு வேணும்னா மொத்தம் 56 சதுர அடி. ரெண்டு ஷீட்டு 64 சதுர அடி, தாராளமா போதும்னு தோணும். ஆனா ஷீட்டோட அகலம் 1,220 மில்லிமீட்டர். வாள் 3 மில்லிமீட்டர் தின்னும். மீதியை ரெண்டா பிரிச்சா 608.5. ரெண்டடிங்கிறது 609.6. ஒரு மில்லிமீட்டர்ல துண்டு தவறிடும்! 'ரெண்டடி'ன்னு எழுதாம 605 மில்லிமீட்டர்னு எழுதிட்டா ரெண்டு ஷீட்டுல வேலை முடியும்.

அதனால கட்டம் போட்ட நோட்டுல ஷீட்டை வரைஞ்சு, துண்டுகளை உள்ள அடுக்கிப் பாரு. மர வரி தெரியுற வெனீர், லேமினேட்டா இருந்தா துண்டைப் படுக்க வெச்சு வெட்ட முடியாது, அதையும் பார்த்துக்கோ.

12. வேற ஊர்க் கணக்கு வந்தா

இறக்குமதி மரத்துக்குக் கன மீட்டர்ல விலை சொன்னா 35.3-ஆல வகு, கன அடி விலை வந்துடும். யூடியூப்ல அமெரிக்கக்காரங்க சொல்ற போர்டு ஃபுட், ஓரடிச் சதுரத்துல ஓர் அங்குல கனம். அது 12 சேர்ந்தா ஒரு கன அடி. அவங்க கடையில 2 × 4-ன்னு சொல்ற சட்டம் நிஜத்துல 1½ × 3½ அங்குலம்தான். அவங்க வரைபடத்தை வெச்சு இங்க முழு 2 × 4 வாங்கினா மூட்டு எதுவும் பொருந்தாது, மரக்காசும் கூடும்.

கடைக்குப் போகுமுன் கையில இருக்க வேண்டிய சீட்டு

ஒரு தாள்ல எட்டுக் கட்டம் போடு: எதுக்கு, என்ன மரம், கனம், அகலம், நீளம், எத்தனை, கன அடி, கடையில அளந்தது. முதல் ஏழையும் வீட்டுலயே நிரப்பு. கடைசிக் கட்டத்தை மரவாடியில நிரப்பு. மேலயே எழுதிக்கோ: "அறுத்த அளவு", "சேதாரம் 10 சதவீதம் சேர்த்தாச்சு". விலை பேசும்போது ஜி.எஸ்.டி., அறுப்புக்கூலி, ஏத்துக்கூலி உள்ளயா வெளியயான்னு கேட்டு ஓரத்துல குறி. அந்தத் தாளோட ஒரு நகலை ஆசாரிகிட்ட கொடு. வேலை முடிஞ்சு மிஞ்சின துண்டுகளை ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தாளை வெச்சே சரிபார்த்துக்கலாம், அடுத்த அறைக் கதவுக்கு எவ்வளவு குறைச்சு வாங்கலாம்னும் அதுலயே தெரிஞ்சுடும்.